எந்தப் பக்கத்தை எப்போது மீண்டும் எடுப்பது: ஸ்டான்ஃபோர்ட் க்ராலர் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

தேடுபொறி எதுவும் நாம் கேள்வி கேட்கும் நொடியில் இணையம் முழுவதையும் சுற்றி வந்து பதில் சொல்வதில்லை. க்ராலர் என்னும் நிரல் முன்கூட்டியே எடுத்து வைத்த நகல்களில்தான் அது தேடுகிறது. நகல் எடுக்கப்பட்ட கணத்திலிருந்தே மூலப் பக்கம் மாறிப்போகக்கூடும் என்பதும், அப்படி மாறியதை மூலத் தளம் பெரும்பாலும் யாருக்கும் சொல்லி அனுப்புவதில்லை என்பதும் இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கல். மாறியிருக்கிறதா என்று அறிய ஒரே வழி மீண்டும் போய்ப் பார்ப்பது. ஆனால் போய்ப் பார்க்கும் வருகைகளுக்கு வரம்பு உண்டு. பிணைய அலைவரிசையும் இயந்திரங்களும் ஒரு வரம்பு. ஒரு தளத்தின் சர்வர் எவ்வளவு கோரிக்கைகளைத் தாங்கும், அதன் உரிமையாளர் எவ்வளவு பொறுத்துக்கொள்வார் என்பது அதைவிட இறுக்கமான வரம்பு. எனவே, எண்ணி வைத்த வருகைகளை எந்தப் பக்கங்களுக்கு எந்த இடைவெளியில் பங்கிடுவது என்ற கேள்வி எழுகிறது. ஒவ்வொரு பக்கமும் இனி எப்போது மாறும் என்று முன்கணிக்காமல் இதற்கு விடை காண முடியாது.

இந்தக் கேள்வியைக் கள ஆய்வாகவும் கணிதமாகவும் சேர்த்து எடுத்துக்கொண்ட முன்னோடிப் பணிகளில் ஒன்று, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜுங்ஹூ சோ, ஹெக்டர் கார்சியா-மோலினா ஆகிய இருவரும் 1999-இல் நடத்தி 2000-லிருந்து 2003 வரை கட்டுரைகளாக வெளியிட்ட ஆய்வு. தரவைத் திரும்பத் திரும்ப எடுக்கும் எந்த அமைப்பை வடிவமைப்பவரும், அது தேடுபொறியாக இருந்தாலும் விலை ஒப்பீட்டுத் தளமாக இருந்தாலும் வானிலைத் தரவுச் சேகரிப்பாக இருந்தாலும், இந்த ஆய்வைப் படித்த பிறகே கால அட்டவணை போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது வந்து சேர்ந்த முடிவு, பெரும்பாலோர் முதலில் எழுதும் அட்டவணைக்கு நேர் எதிரானது.

270 தளங்கள், 3,000 பக்கங்கள்

ஆய்வாளர்கள் தங்களிடம் ஏற்கெனவே இருந்த 2.5 கோடிப் பக்கங்களின் தொகுப்பிலிருந்து மிகவும் பிரபலமான 400 தளங்களைத் தேர்ந்து, அவற்றின் பொறுப்பாளர்களிடம் அனுமதி கேட்டார்கள். 270 தளங்கள் அனுமதித்தன. அவற்றில் 132 வணிகத் தளங்கள், 78 அமெரிக்கக் கல்வி நிறுவனத் தளங்கள், 30 அரசு மற்றும் ராணுவத் தளங்கள். மீதி 30 அமைப்புகளுடையவையும் பிணைய நிறுவனங்களுடையவையும். 1999 பிப்ரவரி 17 முதல் ஜூன் 24 வரை, ஏறத்தாழ 7,20,000 பக்கங்களை நாள்தோறும் எடுத்து, ஒவ்வொன்றின் செக்சம் எண்ணையும் (பக்கத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சுருக்கமான அடையாள எண்) முந்தைய நாளின் எண்ணோடு ஒப்பிட்டு, மாறியதா இல்லையா என்று குறித்தார்கள்.

ஒரு தளத்துக்கு 3,000 பக்கங்கள் என்ற உச்சவரம்பு எப்படி வந்தது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். தளங்களின் பகல்நேரப் பயன்பாட்டுக்குத் தொந்தரவு கூடாது என்பதற்காக, அமெரிக்கப் பசிபிக் நேரப்படி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மட்டுமே க்ராலர் ஓடியது. ஒரே தளத்தில் ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 10 நொடி காத்திருந்தது. ஒன்பது மணி நேரம் என்பது 32,400 நொடி. பத்தால் வகுத்தால் 3,240 கோரிக்கைகள். அதற்குள் அடங்கும் முழு ஆயிரங்கள்தான் 3,000. எத்தனை இயந்திரங்களைக் கூடுதலாக வாங்கினாலும் இந்த எண் உயராது. வருகைகளின் எண்ணிக்கை வெளியிலிருந்து விதிக்கப்பட்டுவிட்டது. அதை எப்படிச் செலவிடுவது என்பது மட்டுமே வடிவமைப்பாளரின் கையில் இருக்கிறது. திட்டமிடல் பற்றிய இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒற்றைக் கட்டுப்பாட்டின் மீது நிற்கிறது.

கிடைத்த தரவு பக்கங்களுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வைக் காட்டியது. மொத்தப் பக்கங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை போய்ப் பார்த்த ஒவ்வொரு முறையும் மாறியிருந்தன. வணிகத் தளங்களில் அந்தப் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டியது. மாறாக, கல்வி, அரசுத் தளங்களின் பக்கங்களில் பாதிக்கும் மேல் அந்த நான்கு மாதங்களில் ஒரு முறைகூட மாறவில்லை. தொகுப்பில் பாதிப் பக்கங்கள் மாறவோ நீக்கப்பட்டு வேறொன்றால் நிரப்பப்படவோ ஏறத்தாழ 50 நாள் ஆனது. வணிகத் தளங்களில் அதற்கு 11 நாள் போதுமாக இருந்தது. அரசுத் தளங்களில் கிட்டத்தட்ட நான்கு மாதம் பிடித்தது. இத்தனை வேறுபட்ட பக்கங்களை ஒரே தட்டில் வைத்து ஒரே இடைவெளியில் எடுப்பது வீண் என்றே யாருக்கும் தோன்றும். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மாற்றங்களின் நிகழ்தகவு மாதிரி

முன்கணிப்புக்கு ஒரு மாதிரி வேண்டும். தனித்தனியாக, ஒன்றையொன்று சாராமல், ஆனால் ஒரு நிலையான சராசரி வீதத்தில் நிகழும் நிகழ்வுகளுக்குப் பாய்சான் மாதிரி பொருந்தும் என்று பள்ளிப் புள்ளியியலிலேயே படித்திருப்போம். பக்க மாற்றங்கள் இந்த மாதிரிக்கு உட்படுகின்றனவா என்று சோதிக்க, சராசரியாகப் பத்து நாளுக்கு ஒரு முறையும் இருபது நாளுக்கு ஒரு முறையும் மாறும் பக்கங்களைத் தனியே பிரித்து, ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடைப்பட்ட நாட்களின் பரவலை மடக்கை அளவுகோலில் வரைந்தார்கள். பாய்சான் மாதிரி சரியென்றால் அது இறங்கும் நேர்கோடாக அமைய வேண்டும், அப்படியே அமைந்தது. ஒரு நாளுக்குள் பல முறை மாறும் பக்கங்களையும், நான்கு மாதமும் மாறாதிருந்தவற்றையும் இந்தச் சோதனை தொடவில்லை. நாள் ஒன்றுக்கு ஒரு பார்வை என்ற கருவியின் எல்லை அது.

இந்த மாதிரியின் பலன், ஒரு பக்கத்தைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியது ஒரே எண்ணாகச் சுருங்குவது. மாற்ற வீதம் தெரிந்தால், கடைசியாக எடுத்த நகல் இப்போதும் நடப்பில் இருப்பதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டுவிடலாம். அதைக் காலத்தின் மீது சராசரி எடுத்தால், அந்த நகலின் நடப்புத்தன்மை, அதாவது மொத்த நேரத்தில் எத்தனை பங்கு அது மூலத்தோடு ஒத்திருக்கும் என்பது, கிடைக்கும். கணக்கு எளிது: இரண்டு வருகைகளுக்கு இடையே எதிர்பார்க்கப்படும் மாற்றங்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, அந்த இடைவெளியில் ஒரு மாற்றமாவது நிகழும் நிகழ்தகவை அதனால் வகுக்க வேண்டும். நான்கு மாதத்துக்கு ஒரு முறை மாறும் பக்கத்தை மாதம் ஒரு முறை எடுத்தால், நகல் 88 சதவீத நேரம் நடப்பில் இருக்கும்.

கண்ணில் படாத மாற்றங்கள்

வீதத்தை எப்படி அறிவது? பத்து நாள் பார்த்தோம், ஆறு நாள் மாறியிருந்தது, ஆகவே நாளுக்கு 0.6 என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் பல அமைப்புகள் சறுக்குகின்றன என்பதால் இந்தப் பகுதியை விரிவாகச் சொல்கிறேன். செக்சம் ஒப்பீடு, மாறியதா இல்லையா என்று மட்டுமே சொல்லும். எத்தனை முறை மாறியது என்று சொல்லாது. இரண்டு பார்வைகளுக்கு இடையே பக்கம் மூன்று முறை மாறியிருந்தாலும் நம் கணக்கில் ஒன்றுதான் ஏறும். ஆகவே கண்ட மாற்றங்களைப் பார்த்த நாட்களால் வகுக்கும் எளிய மதிப்பீடு சராசரியில் எப்போதும் உண்மை வீதத்துக்குக் கீழேயே நிற்கும்; பக்கம் வேகமாக மாற மாற அந்தப் பிழை பெருகும்; இன்னும் பல நாள் பார்த்தாலும் அது சரியாகாது.

சோவும் கார்சியா-மோலினாவும் முன்வைத்த திருத்தம் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. மாற்றம் காணாத வருகை ஒன்றுக்கு ஒரே பொருள்தான்: அந்த இடைவெளியில் மாற்றமே நிகழவில்லை. எனவே மாற்றம் காணாத வருகைகளின் பங்கை எடுத்து, அதன் இயல் மடக்கையை எதிர்க்குறியோடு கொண்டால் வீதம் கிடைக்கும். எல்லா நாளும் மாற்றம் கண்ட பக்கத்துக்கு இந்தக் கணக்கு முடிவிலியாகிவிடும் என்பதால், மேல் எண்ணோடும் கீழ் எண்ணோடும் 0.5 கூட்டிக்கொள்கிறார்கள். பத்தில் ஆறு நாள் மாறிய பக்கத்துக்கு, மாறாத நாள் நான்கோடு அரையைக் கூட்டி 4.5, பத்தோடு அரையைக் கூட்டி 10.5, இதன்படி வீதம் நாளுக்கு 0.85 ஆகிறது. பத்து நாளும் மாறிய பக்கத்துக்கு எளிய மதிப்பீடு நாளுக்கு 1 என்று சொல்லும். திருத்திய மதிப்பீடோ 3-க்குச் சற்று மேல் சொல்லும். ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள இந்த வேறுபாடு, அடுத்து வரும் பங்கீட்டில் ஒரு பக்கத்தின் இடத்தையே மாற்றிவிடக்கூடியது.

இந்த வாய்பாட்டுக்கும் ஒரு முனை மழுங்கல் உண்டு. பத்து நாளும் மாறாத பக்கத்தின் வீதம் சுழியம் என்று அது சொல்லிவிடும். அதை அப்படியே நம்பினால் அந்தப் பக்கத்துக்கு இனி ஒரு வருகையும் கிடைக்காது. பின்னர் அது மாறத் தொடங்கினாலும் தெரியவே தெரியாது. ஆகவே நடைமுறையில் ஒரு சிறு பங்கு வருகைகளை, பலனுக்காக அல்லாமல் வீதத்தை அறிவதற்காகவே ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஐந்து பக்கங்கள், ஐந்து வருகைகள்

நாளுக்கு முறையே 1, 2, 3, 4, 5 தடவை மாறும் ஐந்து பக்கங்கள் நம்மிடம் இருக்கின்றன. நாளுக்கு மொத்தம் ஐந்து வருகைகளே முடியும் என்று கொள்வோம். இது சோ, கார்சியா-மோலினா கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டு.

வேகமாக மாறுவதை அடிக்கடி பார்க்க வேண்டும் என்ற இயல்பான எண்ணப்படி, மாற்ற வீதத்துக்கு ஏற்ற விகிதத்தில் வருகைகளைப் பங்கிட்டால், ஐந்து பக்கங்களுக்கும் ஒரே நடப்புத்தன்மை கிடைக்கிறது: 31.7 சதவீதம். எதையும் கணிக்காமல், ஒவ்வொன்றையும் நாளுக்கு ஒரு முறை பார்த்தால் சராசரி 36.5 சதவீதம். முன்கணிப்பு எதுவும் இல்லாத அட்டவணை, முன்கணிப்பை நேரடியாகப் பின்பற்றிய அட்டவணையை வென்றுவிடுகிறது. இது இந்த ஐந்து எண்களுக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் அன்று. மாற்ற வீதங்கள் எப்படிப் பரவியிருந்தாலும், நடப்புத்தன்மையின் சராசரியில், சமப் பங்கீடு விகிதப் பங்கீட்டுக்குக் கீழே போகவே போகாது என்று அவர்கள் நிறுவினார்கள். முதல் பக்கத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். நாளுக்கு ஒரே முறை மாறும் அதை ஒரு வருகை நெடுநேரம் நடப்பில் வைத்திருக்கும். ஆனால் விகிதப் பங்கீட்டில் அதற்கு மூன்று நாளுக்கு ஒரு வருகைதான் கிடைக்கிறது. அதனிடமிருந்து பறித்த வருகைகள் ஐந்தாம் பக்கத்தில் போய்க் கரைகின்றன.

சிறந்த பங்கீடு என்ன? கணக்கிட்டால் முறையே 1.15, 1.36, 1.35, 1.14, 0.00 என்று வருகிறது. சராசரி நடப்புத்தன்மை 37.4 சதவீதம். மிக வேகமாக மாறும் ஐந்தாம் பக்கத்துக்கு ஒரு வருகைகூட இல்லை.

இந்தச் சுழியத்தை நம்ப மறுப்பவர்கள் நேரக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு ஐந்து முறை மாறும் பக்கத்தின் நகல், எடுத்த கணத்திலிருந்து சராசரியாக 4 மணி 48 நிமிடம்தான் நடப்பில் இருக்கும். ஒரு வருகையால் அங்கே பெறக்கூடிய உச்சப் பலன் அவ்வளவே. மேற்சொன்ன பங்கீட்டில், மற்ற நான்கு பக்கங்களில் எதற்குக் கூடுதலாக ஒரு வருகை தந்தாலும், அந்த வீதத்தில் கிடைக்கும் பலன் ஏறத்தாழ 5 மணி 12 நிமிடம். நான்கிலும் இந்த எண் சமமாக இருப்பதுதான் சிறந்த பங்கீட்டுக்கு அடையாளம். எங்காவது அதிகமாக இருந்தால் அங்கே வருகையை நகர்த்தி லாபம் பார்த்துவிடலாம். ஐந்தாம் பக்கம் தன் உச்சத்திலும் அந்த அளவை எட்டவில்லை என்பதால் அதற்கு இடமில்லை.

சமப் பங்கீட்டிலிருந்து சிறந்த பங்கீட்டுக்கு வந்த உயர்வு ஒரு சதவீதப் புள்ளிக்கும் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐந்து பக்கங்களின் வீதங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால் இப்படி. மணிக்கொரு முறை மாறுபவையும் ஆண்டுக்கொரு முறை மாறுபவையும் கலந்திருக்கும் உண்மைத் தொகுப்பில் இடைவெளி பெரிதாகும். ஆனாலும் எடுத்த எடுப்பில் நுட்பமான மாதிரியைக் கட்டுவதற்கு முன், விகிதப் பங்கீட்டைக் கைவிட்டுச் சமப் பங்கீட்டுக்கு வருவதே முதல் லாபம். அதற்குச் செலவும் இல்லை.

அளவுகோலை மாற்றினால் அட்டவணையும் மாறும்

மேற்சொன்ன முடிவு முழுவதும், நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறதா இல்லையா என்ற இருநிலை அளவுகோலைச் சார்ந்தது. அதன்படி, பத்து நிமிடம் பின்தங்கிய நகலும் பத்து மாதம் பின்தங்கிய நகலும் ஒன்றே. இது எல்லாப் பயன்பாட்டுக்கும் ஏற்காது. அதனால் அதே ஆய்வாளர்கள் நகலின் வயது என்ற இன்னோர் அளவுகோலையும் எடுத்துக்கொண்டார்கள்: மூலம் மாறிய பிறகு நகல் எவ்வளவு நேரமாகப் பழையதாக இருக்கிறது என்பது. இந்த அளவுகோலில் எந்தப் பக்கத்தையும் முற்றாகக் கைவிட முடியாது. வருகையே இல்லாத பக்கத்தின் வயது எல்லையின்றி ஏறிக்கொண்டே போய்ச் சராசரியைக் கெடுத்துவிடும். வேகமாக மாறும் பக்கங்களுக்கு இங்கே அதிக வருகைகள் கிடைக்கும், ஆனால் வீதத்தின் ஏற்றத்தைவிட மெதுவாகவே அந்த எண்ணிக்கை ஏறும். எனவே அட்டவணை எழுதும் முன், பயனருக்கு எது இழப்பு என்று தீர்மானித்தாக வேண்டும்.

இயக்க அளவில் ஆய்வாளர்கள் வகுத்த அமைப்பு எளிமையானது. எடுக்க வேண்டிய முகவரிகள் ஒரு முன்னுரிமை வரிசையில் நிற்கும், வரிசையின் முதலில் இருப்பதை அமைப்பின் ஒரு பகுதி எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தை இறக்கும், செக்சம் ஒப்பிடப்படும், மாற்ற வீதத்தின் மதிப்பீடு திருத்தப்படும், புதிய வீதப்படி அடுத்த வருகை நேரம் கணிக்கப்பட்டு, முகவரி வரிசையில் உரிய இடத்தில் திரும்பச் செருகப்படும். எந்தப் பக்கம் தொகுப்பில் இருக்கத் தகும் என்ற கனமான கணக்கை வேறொரு பகுதி தனியாக, நிதானமாகப் போட்டுக்கொண்டிருக்கும். இறக்குவது அதற்காகக் காத்திருக்காது.

மாற்றம் என்பதே எது?

செக்சம் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும். பக்கத்தின் அடியில் இன்றைய தேதி, வருகையாளர் எண்ணிக்கை, சுழலும் விளம்பரம் இவற்றில் ஒன்று இருந்தாலே அந்தப் பக்கம் ஒவ்வொரு பார்வையிலும் மாறியதாகக் கணக்காகும். கட்டுரை மூன்றாண்டாக அப்படியே இருக்கலாம். 2003-இல் ஃபெட்டர்லியும் அவருடைய சகாக்களும் ஏறத்தாழ 15 கோடிப் பக்கங்களை 11 வாரம், வாரம் ஒரு முறை எடுத்துப் பார்த்தபோது, மாறியதா என்பதோடு எவ்வளவு மாறியது என்பதையும் அளந்தார்கள். பெரிய பக்கங்கள் சிறியவற்றைவிட அடிக்கடியும் அதிகமாகவும் மாறுகின்றன என்பதையும், ஒரு பக்கத்தின் கடந்தகால மாற்றமே அதன் எதிர்கால மாற்றத்துக்கு நல்ல முன்னறிவிப்பு என்பதையும் கண்டார்கள். 2008-இல் ஓல்ஸ்டனும் பாண்டேயும் இன்னும் ஒரு படி போய், பக்கத்தின் உள்ளடக்கத்தில் நிலைத்து நிற்கும் பகுதியையும் வந்து மறையும் பகுதியையும் பிரித்து, நிலைத்து நிற்கப்போகும் புதிய உள்ளடக்கத்துக்காகவே வருகையைச் செலவிட வேண்டும் என்று வாதிட்டார்கள். அடுத்த வருகைக்குள் மறைந்துவிடும் விளம்பர வரியை விரட்டிப் பிடிப்பதில் பயன் இல்லை என்பதால் இந்த வாதம் எனக்கு முழுமையாக உடன்பாடு.

தளங்களே மாற்றத்தை அறிவிக்கும் வழிகளும் வந்தன. 2005-இல் கூகிள் அறிமுகப்படுத்திய சைட்மேப், அதாவது ஒரு தளம் தன் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுத் தரும் கோப்பில் கடைசியாகத் திருத்திய தேதியைக் குறிக்கலாம். எவ்வளவு அடிக்கடி மாறும் என்றும் குறிக்கலாம். பின்னதைத் தான் கருத்தில் கொள்வதில்லை என்றும், முன்னது தொடர்ந்து சரியாக இருந்தால் மட்டும் பயன்படுத்துவதாகவும் கூகிளே தன் வழிகாட்டியில் சொல்கிறது. அறிவிப்பு வந்தாலும் அதை எவ்வளவு நம்பலாம் என்று கணிக்கும் வேலை மிஞ்சுகிறது. 2019-இல் கொலோபோவ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, மாற்றத்தை அறிவிக்கும் தளங்களையும் அறிவிக்காத தளங்களையும் ஒரே வருகை வரம்புக்குள் சேர்த்துத் திட்டமிட்டு, வீதங்களை ஓடிக்கொண்டே கற்றுக்கொள்ளும் முறையைத் தந்தது. தவறவிட்ட மாற்றங்கள் கூடக்கூட இழப்பும் கூடும்படி அளவுகோலை அமைத்ததால், அதில் எந்தப் பக்கமும் பட்டினி கிடப்பதில்லை.

இனி மிச்சமிருப்பது முக்கியத்துவம். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தேடப்படுவதில்லை. பழைய ஐந்து பக்கங்களுக்கே வருவோம்: ஐந்தாம் பக்கம் மற்றவற்றைவிட இருமடங்கு பேரால் கேட்கப்படுகிறது, ஆகவே அதன் நடப்புத்தன்மைக்கு இருமடங்கு மதிப்பு என்று வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டால், அதன் உச்சப் பலன் 9 மணி 36 நிமிடமாக உயர்கிறது. புதிய பங்கீடு ஏறத்தாழ 0.96, 1.07, 0.92, 0, 2.06. ஒரு வருகையும் பெறாதிருந்த ஐந்தாம் பக்கம் இப்போது நாளுக்கு இரண்டு வருகைகளைப் பெறுகிறது. அதன் வீதமோ மாதிரியோ சிறிதும் மாறவில்லை. கூடுதல் வருகையின் சமநிலைப் பலன் 6 மணி 42 நிமிடமாக ஏறியதால், ஆறு மணி நேரத்துக்கு மேல் எதையும் தர இயலாத நான்காம் பக்கம் முற்றாக வெளியேறுகிறது. செய்தித் தளங்களின் முகப்புப் பக்கங்களை இடைவிடாமல் எடுப்பது இந்தக் கணக்கில் நியாயமாகிறது. அதோடு, மாற்ற வீதத்தை இரண்டாம் தசமம் வரை துல்லியமாக்குவதற்கு உழைக்கும் குழு, முக்கியத்துவ எடைகளைக் கைப்போக்கில் நிரப்பிவிட்டுப் போனால், அந்த உழைப்பு பங்கீட்டில் ஏறாது; நான்காம் பக்கத்தைத் தேடி வரும் வாசகருக்குப் பழைய நகல்தான் கிடைத்துக்கொண்டிருக்கும்.